அனுமதி கிடைத்த மருந்து, பலன் கிடைத்த மருந்தா?

2021 ஜூன் 7 அன்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அல்சைமர் நோய்க்கு ஒரு புதிய மருந்தை அனுமதித்தது. மறதி நோயில் பெற்றோரையோ துணையையோ கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு, 2003-க்குப் பிறகு வந்த முதல் நல்ல செய்தி அது. மருந்தின் பெயர் அடுகானுமாப், கடைப்பெயர் அடுஹெல்ம், தயாரித்தது பயோஜென் நிறுவனம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்ற வேண்டும். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 56,000 டாலர் என்று விலை வைத்தார்கள். அனுமதிக்கு ஏழு மாதம் முன்பு இதே நிர்வாகம் 11 பேர் கொண்ட வல்லுநர் குழுவைக் கூட்டி, நிறுவனம் முதன்மையாக முன்வைக்கும் ஆய்வு மருந்தின் பலனுக்குப் போதிய சான்றாகுமா என்று கேட்டிருந்தது. பத்துப் பேர் ஆகாது என்றார்கள். ஒருவர் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார். ஆகும் என்றவர் ஒருவரும் இல்லை. 2024 ஜனவரி இறுதியில் பயோஜென் தானே அந்த மருந்தைக் கைவிட்டது. மூன்று ஆண்டு நிறையாத இந்த வரலாற்றை ஒரு நிறுவனத்தின் சறுக்கல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மருந்தை விற்கலாமா என்பது ஒரு கேள்வி. அது நோயாளியின் வாழ்க்கையில் எவ்வளவு மாற்றம் தரும் என்பது வேறு கேள்வி. அந்த மாற்றத்துக்காகப் பொதுப்பணத்திலிருந்து எவ்வளவு கொடுக்கலாம் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே முத்திரை பதில் சொல்லிவிட்டதாக நினைக்கும் ஊரில், ஆயுள் முழுக்க நோயோடு வாழ்பவர்கள்தான் முதலில் நஷ்டப்படுகிறார்கள்.

அடுஹெல்ம் எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவோம். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறது. அந்தப் படிவைக் கரைத்தால் நினைவு அழிவது நிற்கும், அல்லது மெதுவாகும் என்பது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்களை வழிநடத்திய கருத்து. அடுஹெல்ம் படிவைக் கரைத்தது. அதில் ஐயம் இல்லை. நினைவு தங்கியதா என்று பார்க்க, ஒவ்வொன்றிலும் 1,600-க்கு மேற்பட்டவர்களுடன், ஒரே அமைப்பில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. பலன் தெரிய வாய்ப்பில்லை என்ற இடைக்காலக் கணிப்பால் 2019 மார்ச்சில் இரண்டும் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில், கூடுதலாகச் சேர்ந்த தரவுகளை வைத்துக் கணக்கை மறுபடி போட்ட நிறுவனம், ஓர் ஆய்வில் அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்கு நோய் முற்றும் வேகம் 22 விழுக்காடு குறைந்திருக்கிறது என்று அறிவித்தது. இன்னோர் ஆய்வில் அப்படி எதுவும் இல்லை. 22 விழுக்காடு என்பது காதுக்குப் பெரிதாக இருக்கிறது. அளவுகோலில் வைத்துப் பார்த்தால், 18 புள்ளியில் 0.39 புள்ளி. நினைவு, இடம் காலம் அறிதல், முடிவெடுத்தல், வெளிவேலை, வீட்டு வேலை, தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல் என்று ஆறு தலைப்பில் மதிப்பிடும் அந்த அளவுகோலில், ஒரு தனி நோயாளியிடம் பதியக்கூடிய மிகச் சிறிய மாற்றமே அரைப் புள்ளி. 0.39 என்பது பலரின் சராசரி என்பதால் அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அம்மாவிடம் அந்த வித்தியாசத்தை மகளால் கண்டுகொள்ள முடியுமா என்பது நியாயமான கேள்வி. அதற்கு ஆய்வு பதில் தரவில்லை.

இப்படிப்பட்ட மருந்து எப்படி உள்ளே வந்தது? விரைவு அனுமதி என்ற வாசல் வழியாக. எய்ட்ஸ் உச்சத்தில் இருந்த காலத்தில், 1992-இல் அமெரிக்கா திறந்த வாசல் அது. நோயாளி எத்தனை ஆண்டு வாழ்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க அப்போது நேரம் இல்லை. இரத்தத்தில் ஓர் அளவு மாறினாலே போதும், பலன் இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்தால் அனுமதிக்கலாம், உறுதியான சான்றை நிறுவனம் பிறகு தரட்டும் என்று வைத்தார்கள். எய்ட்ஸில் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. கிருமியின் அளவு குறைந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த வெற்றி எல்லா நோய்க்கும் பொருந்தாது என்பதை அதற்கு முன்பே இதய மருத்துவம் உயிர்களைக் கொடுத்துக் கற்றிருந்தது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இடையிடையே வரும் கூடுதல் துடிப்புகள் ஆபத்தின் அடையாளம் என்று அறிந்திருந்ததால், அந்தத் துடிப்புகளை அடக்கும் மாத்திரைகளை மருத்துவர்கள் தாராளமாக எழுதினார்கள். துடிப்பு உண்மையிலேயே அடங்கியது. 1989-இல் வெளியான ஆய்வு, எங்கைனைடு, ஃபிளெகைனைடு ஆகிய அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இறந்ததைக் காட்டியது. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் காட்டுவது ஓர் அடையாளம்தான். நோயாளி மருத்துவரிடம் வருவது அடையாளத்தை மாற்றிக்கொள்வதற்காக அல்ல.

நம் வீடுகளில் நன்றாகத் தெரிந்த சர்க்கரை நோயில் இதன் இரண்டு பக்கமும் தெரிகிறது. கொஞ்சம் நின்று பார்க்கலாம். ரோசிகிளிடசோன் என்ற மாத்திரை 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் குறைத்தது என்பதே அதன் தகுதி. 2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அது மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுவதாகச் சொன்னது. 2010-இல் ஐரோப்பா அதை நிறுத்தியது, அமெரிக்கா கட்டுப்படுத்தியது, இந்தியா தடை செய்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அந்த அபாயத்தைக் குறைத்து மதிப்பிட்டன, அமெரிக்காவும் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஆனால் அந்த அதிர்ச்சியில் பிறந்த ஒரு விதிதான் இங்கே முக்கியம். 2008 டிசம்பரில் அமெரிக்க நிர்வாகம், இனி வரும் சர்க்கரை மருந்துகள் இதயத்துக்கு ஊறு செய்யாது என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்றது. இவ்வளவு செலவு வைத்தால் புதுமருந்துக்கு யார் துணிவார்கள் என்று அன்று பலர் அஞ்சினார்கள். நடந்தது வேறு. அந்த விதிக்காகவே 7,000 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை இதயநோயால் வரும் இறப்பை 38 விழுக்காடு குறைத்திருப்பது 2015-இல் தெரியவந்தது. ஊறு இல்லை என்று காட்டத்தான் கேட்டார்கள்; உயிர் காக்கிறது என்ற விடை வந்தது. கேட்டிருக்காவிட்டால் அது இன்னொரு சர்க்கரை மாத்திரையாகவே நெடுநாள் இருந்திருக்கும். கடினமான கேள்வி நல்ல மருந்தைத் தடுக்கும் என்ற அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

இனி பணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 65 வயது கடந்தவர்களின் மருத்துவச் செலவை மெடிகேர் என்ற அரசுத் திட்டம் ஏற்கிறது. அல்சைமர் நோயாளிகளில் பெரும்பாலோர் அந்த வயதினர் என்பதால், அடுஹெல்மின் விலையில் பெரும்பகுதி அந்தத் திட்டத்தின் தலையில்தான் விழ இருந்தது. கைசர் குடும்ப அறக்கட்டளை ஓர் எளிய கணக்குப் போட்டது: ஐந்து லட்சம் பேருக்குக் கொடுத்தாலே ஆண்டுக்கு 2,900 கோடி டாலர் அளவுக்குச் செலவு. மருத்துவமனையிலும் மருத்துவர் கூடத்திலும் ஏற்றப்படும் எல்லா மருந்துகளுக்கும் சேர்த்து மெடிகேர் 2019-இல் செலவிட்டதே 3,700 கோடிதான். மருந்தைப் பலர் வாங்கத் தொடங்கும் முன்பே அதன் நிழல் விழுந்துவிட்டது. 2022-க்கு மெடிகேர் மாதச் சந்தா 148.50 டாலரிலிருந்து 170.10 டாலராக ஏறியது; அந்த ஏற்றத்தில் ஏறக்குறையப் பாதி, இந்த ஒரு மருந்துக்குப் பணம் கொடுக்க நேரலாம் என்பதற்காக எடுத்துவைத்தது. நினைவு தெளிவாக இருக்கும் முதியவரும், மூட்டுவலிக்காரரும், சிறுநீரக நோயாளியும் பலன் உறுதியாகாத ஒரு மருந்துக்காகத் தங்கள் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தார்கள். மருந்துகளின் மதிப்பை எடைபோடும் தனியார் அமைப்பான ஐசர், அடுஹெல்முக்கு ஆண்டுக்கு 3,000 முதல் 8,400 டாலர் வரைதான் தகும் என்று கணித்தது. 56,000-க்கும் 8,400-க்கும் இடையிலுள்ள தூரத்தை எந்த அறிவியலும் நிரப்பவில்லை. அனுமதி முத்திரை மட்டுமே நிரப்பியது.

இந்த முறை, பணம் தரும் இரண்டாவது வாசலில் ஒருவர் நின்றிருந்தார். 2022 ஏப்ரலில் மெடிகேர், ஆய்வில் பங்கேற்பவர்களுக்கு மட்டுமே இம்மருந்துக்குப் பணம் தருவோம் என்று முடிவெடுத்தது. அதற்கு முன்பே ஐரோப்பிய மருந்து முகமை அனுமதி மறுத்திருந்தது. பெரிய மருத்துவமனைகள் சில எழுதிக்கொடுக்க மறுத்தன. நிறுவனம் விலையைப் பாதியாக, 28,200 டாலராகக் குறைத்தும் பார்த்தது. 2021 முழுவதற்கும் அதன் விற்பனை 30 லட்சம் டாலர்தான். அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்கள் 2022 இறுதியில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, அனுமதி நடைமுறை முறைகேடுகள் நிறைந்தது என்றது. வல்லுநர் குழுவிலிருந்து மூவர் விலகியிருந்தனர். அனுமதியும் பணமும் ஒரே கையில் இருந்திருந்தால் இந்தத் தவறு திருத்தப்பட்டிருக்காது.

அடுஹெல்ம் ஒருவகையில் எளிய வழக்கு, ஏனென்றால் பலனே ஐயத்துக்குரியது. உண்மையான சோதனை அடுத்து வந்தது. ஈசாய் நிறுவனம் பயோஜெனுடன் சேர்ந்து உருவாக்கிய லெகானெமாப் என்ற மருந்து, 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த ஆய்வில் ஐயத்துக்கு இடமின்றிப் பலன் காட்டியது. அதே 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி. 2023 ஜூலையில் அமெரிக்கா அதற்கு முழு அனுமதி தந்தது. விலை ஆண்டுக்கு 26,500 டாலர். பிரிட்டனில் 2024 ஆகஸ்ட் 22 அன்று மருந்து ஒழுங்கு முகமை, இது பாதுகாப்பானது, வேலை செய்கிறது என்று அனுமதித்தது. அதே நாளில் நைஸ் என்ற மதிப்பீட்டு நிறுவனம், அரசு மருத்துவத்தில் இதற்குப் பணம் தர இயலாது என்று வரைவு அறிக்கை வெளியிட்டது. மருந்து தரும் பலன் சராசரியாக நான்கு முதல் ஆறு மாத அவகாசம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் ஏற்றுவதும் அடிக்கடி எடுக்கும் ஸ்கேனும் சேர்ந்தால் அந்த அவகாசத்துக்கு ஆகும் செலவு தாங்காது என்பது அதன் கணக்கு. ஒரே நாளில் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்வது குழப்பம் என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது நேர்மையாகத் தெரிகிறது. இரண்டு நிறுவனங்கள் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லின. ஆறு மாதம் என்பது அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன். பேரக்குழந்தையின் பெயர் நினைவிருக்கும் ஆறு மாதம் ஒரு குடும்பத்துக்கு விலைமதிப்பற்றது. ஆனால் அந்த ஆறு மாதத்துக்குக் கேட்கப்பட்ட தொகையில் வேறு என்ன கிடைத்திருக்கும் என்று யாராவது கேட்டாக வேண்டும்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. வேறு வழியே இல்லாதவர்களிடம் சான்று போதவில்லை என்று சொல்வது கொடுமை. இழப்பதற்கு அவர்களிடம் என்ன இருக்கிறது, முயன்று பார்க்கும் உரிமை அவர்களுடையது என்கிறார்கள் நோயாளி அமைப்பினர். அந்தக் குரலில் உள்ள வேதனையை மதிக்கிறேன். ஆனால் இழக்க ஒன்றுமில்லை என்பது உண்மையல்ல. இந்த மருந்துகள் நோய் முற்றியவர்களுக்கானவை அல்ல. தொடக்க நிலையில், இன்னும் தானே சமைத்து, கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ போய்வந்து, பேசிச் சிரிப்பவர்களுக்கானவை. இழப்பதற்கு அவர்களிடம்தான் நிறைய இருக்கிறது. அடுஹெல்மை அதிக அளவில் பெற்றவர்களில் 35 விழுக்காட்டினரின் ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது, லெகானெமாபில் 12.6 விழுக்காடு. பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லாமல் அது வடிந்தது. சிலருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. குறிப்பிட்ட ஒரு மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பதால் மருந்தின் தகவல் தாளிலேயே கடும் எச்சரிக்கை உண்டு. தேர்ந்தெடுக்கும் உரிமை என்றால், எதை எதற்கு மாற்றாகத் தேர்ந்தெடுக்கிறோம் என்று அறியும் உரிமையும் அதில் அடக்கம்.

உயிருக்கு விலைபேசுவதா என்பது அடுத்த மறுப்பு. நைஸ் போன்ற நிறுவனங்கள், நல்ல உடல்நலத்தோடு வாழும் ஓர் ஆண்டு என்ற அலகை வைத்துக்கொண்டு, அதற்கு இத்தனை பவுன் வரை தரலாம் என்று வரம்பிட்டுச் செயல்படுகின்றன. நெடுங்காலமாக அந்த வரம்பு 20,000 முதல் 30,000 பவுனாக இருந்தது. ஊனமுற்றவர்களின், முதியவர்களின் ஆண்டை இந்த அலகு குறைத்து எடைபோடுகிறது என்ற குற்றச்சாட்டு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் 2010-இல் மெடிகேர் இந்த அலகைக் கொண்டு வரம்பு கட்டக் கூடாது என்று தடுத்ததும் அந்த அச்சத்தால்தான். அலகைத் திருத்த வேண்டும், நோயாளியைக் கவனித்துக்கொள்பவரின் உழைப்பையும் தூக்கமற்ற இரவையும் அதில் சேர்க்க வேண்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். எடைபோடவே கூடாது என்றால் ஒப்ப முடியாது. வெளிப்படையாக எடைபோடாத நாட்டிலும் எடைபோடுதல் நடக்கிறது. கட்டணச் சீட்டைப் பார்த்துவிட்டு நோயாளி மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடும் மேசையில் நடக்கிறது. அல்சைமர் நோயில் இது இன்னும் தெளிவு. அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் சம்பளமின்றி மறதி நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிறார்கள். குளிப்பாட்டவும் சோறூட்டவும் இரவில் கதவைத் திறந்துகொண்டு போய்விடாமல் பார்க்கவும் ஓர் ஆளை நீண்டகாலம் வைத்துக்கொள்ள மெடிகேர் பணம் தருவதில்லை. 2024 ஜூலையில் தொடங்கிய ஒரு சோதனைத் திட்டம், கவனித்துக்கொள்பவர் சற்று ஓய்வெடுக்க மாற்று ஏற்பாட்டுக்காக ஆண்டுக்கு 2,500 டாலர் வரை தருகிறது. ஒரு மருந்துக்கு 26,500. மனிதரின் துணைக்கு 2,500. இந்தத் தொகைகளை யாரும் அருகருகே வைத்து முடிவெடுக்கவில்லை. அருகருகே வைத்துப் பார்க்காததன் விளைவு இது.

விலை இல்லாவிட்டால் ஆராய்ச்சி இல்லை என்பது நிறுவனங்களின் வாதம். அல்சைமர் மருந்தாய்வு பல ஆண்டுகள் தோல்விமேல் தோல்வி கண்ட துறை. துணிந்து முதலீடு செய்பவருக்கு ஊதியம் வேண்டும் என்பது சரி. எதற்கு ஊதியம் என்பதுதான் கேள்வி. ஸ்கேனில் படிவு கரைந்ததற்கே 56,000 டாலர் கிடைக்கும் என்றால், அடுத்த பத்து ஆண்டு நிறுவனங்கள் படிவு கரைக்கும் மருந்தைத்தான் தேடும். நினைவு தங்கினால்தான் பணம் என்றால் நினைவைத் தேடும். விரைவு அனுமதியின்போது அடுஹெல்மின் பலனை உறுதிப்படுத்தும் ஆய்வை முடிக்கச் சுமார் ஒன்பது ஆண்டு அவகாசம் தந்திருந்தார்கள். 2024-இல் மருந்தைக் கைவிட்ட நிறுவனம் அந்த ஆய்வையும் நிறுத்தியது. அதனால் இந்த மருந்து யாருக்காவது உதவியதா என்ற கேள்விக்கு இனி விடை வரப்போவதில்லை. சோதனைக்குத் தங்கள் உடலைத் தந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு நாம் பட்ட கடன் அப்படியே நிற்கிறது.

இதெல்லாம் கடல்கடந்த விவகாரம் என்று இருந்துவிட முடியாது. 2024 ஆகஸ்டில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் அனுமதி பெற்ற சிலவகை மருந்துகளுக்கு இந்தியாவில் தனிச்சோதனை தேவையில்லை என்று அறிவித்தது. இப்போதுள்ள சிகிச்சையைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தரும் மருந்து என்பதும் அந்த வகைகளில் ஒன்று. உயிர்காக்கும் மருந்து இங்கே பல ஆண்டு தாமதமாக வரும் பழைய நிலைக்கு இது நல்ல மாற்று, எதிர்க்கவில்லை. ஆனால் வெளிநாட்டின் முதல் வாசலைக் கடன் வாங்கும் நாம், அவர்களைக் காப்பாற்றிய இரண்டாவது வாசலைக் கடன் வாங்கவில்லை. மருத்துவத் தொழில்நுட்பங்களை மதிப்பிட 2017-இல் மத்திய அரசு ஓர் அமைப்பைத் தொடங்கியது உண்மை. அரசுத் திட்டங்களுக்கு அது யோசனை சொல்லும். தனியார் மருத்துவமனையில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பத்துக்கு அதன் குரல் எட்டாது. எது பலன் தரும் என்று தெரிந்த இடத்தில் என்ன செய்ய முடியும் என்பதும் நமக்குத் தெரியும். எம்பாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2025 மார்ச்சில் இந்தியாவில் முடிந்ததும், 60 ரூபாய் அளவில் விற்ற மாத்திரைக்கு இணையானது ஆறு ரூபாய்க்கும் குறைவாகக் கடைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்கிறது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை உள்ளிட்ட 14 காரணிகளை முழுமையாகக் களைந்தால் மறதி நோயில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது லான்செட் இதழின் வல்லுநர் குழு 2024-இல் சொன்ன கணிப்பு. அந்தப் பிரஷர் மாத்திரைக்கு யாரும் பத்திரிகையாளர் கூட்டம் நடத்துவதில்லை.

படிவு கரைக்கும் மருந்துகள் இங்கேயும் பரவும் நாளில், நரம்பியல் மருத்துவரின் அறையில் ஒரு மகனோ மகளோ உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்காவில் அனுமதி பெற்றது என்ற ஒரு வரி அவர்களிடம் சொல்லப்படும். அவர்கள் கையெழுத்திடும் தாளில் வேறு சில வரிகளும் தமிழில் அச்சாகியிருக்க வேண்டும் என்று அரசு விதிக்கலாம். அதற்குப் புதிய ஆய்வகமோ புதிய நிறுவனமோ தேவையில்லை. 18 புள்ளியில் எத்தனை புள்ளி வித்தியாசம். அது ஏறக்குறைய எத்தனை மாதம். நூறு பேரில் எத்தனை பேருக்கு மூளை வீக்கம். மாதம் எத்தனை முறை மருத்துவமனைக்கு வர வேண்டும். மருந்தும் ஸ்கேனும் பயணமும் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு ரூபாய். அதே ரூபாயில் வீட்டில் துணைக்கு ஓர் ஆளை எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம்.